"வூட்டுக்குப் போறியா, இங்கயே இருக்கியா?": குழந்தைகள் நலக் குழுவின் முன் ஒரு பிள்ளையின் பேச்சு

தெருவில் மாதச் சீட்டு குலுக்கும்போது பார்த்திருப்பீர்கள். இருபது பேரின் பெயரையும் துண்டுக் காகிதத்தில் எழுதி, மடித்து, எவர்சில்வர் சொம்பில் போட்டு ஆட்டியதும், யாராவது ஒருவர் வாசலைப் பார்த்துக் குரல் கொடுப்பார்: "டேய், இங்க வா, ஒண்ணு எடு." மண்ணில் விளையாடிக்கொண்டிருந்த பொடியன் ஓடிவந்து சொம்புக்குள் கையை விடுவான். அவன் எடுத்ததுதான் முடிவு. மறுபேச்சு கிடையாது. கோயிலில் பூ கேட்கும்போதும் இப்படித்தான், பொட்டலத்தை எடுக்க ஒரு குழந்தையைத் தேடுவோம். பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான் அங்கே அதன் தகுதி.

அதே பிள்ளை யார் வீட்டில் வளர வேண்டும், எந்தப் பள்ளிக்குப் போக வேண்டும், அம்மாவை எப்போது பார்க்கலாம் என்றெல்லாம் முடிவெடுக்கும் நேரம் வந்தால், அந்தத் தகுதியே குறையாகிவிடும். "அதுக்கு இன்னா தெரியும்?" என்று வெளியே உட்கார வைத்துவிடுவோம். தன் வாழ்க்கையைப் பற்றி அதற்குத்தான் மற்ற எவரையும்விட அதிகம் தெரியும் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றாது.

இத்தனைக்கும் சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாகவே பேசுகிறது. குழந்தைகளுக்கென்று தனிச் சட்டத்தை இந்தியாவில் முதலில் கொண்டுவந்தது நம் சென்னை மாகாணம்தான், 1920இல். அந்தக் காலத்து எண்ணத்தில் பிள்ளை என்பது காப்பாற்றப்படவும் திருத்தப்படவும் வேண்டியது. பேச்சு முழுக்கப் பெரியவர்களுடையது. அப்புறம் 1989இல் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை வந்தது. தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லப் பிள்ளைக்கு உரிமை உண்டு, அந்தக் கருத்துக்கு அதன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்புத் தர வேண்டும் என்கிறது அதன் 12ஆவது பிரிவு. இந்தியா 1992 டிசம்பரில் அதை ஏற்றது. இன்று நடைமுறையில் இருக்கும் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், 2016 ஜனவரி 15 முதல் அமலில் உள்ளது. அதன் 3ஆவது பிரிவில் உள்ள 16 கொள்கைகளில் மூன்றாவது இந்தப் பங்கேற்பு உரிமைதான். தன்னைத் தொடும் எல்லா நடவடிக்கையிலும், எல்லா முடிவிலும் தன் பேச்சைக் கேட்கச் செய்யும் உரிமை பிள்ளைக்கு உண்டு. தத்துக் கொடுக்கும் விஷயத்தில், 5 வயது தாண்டிய பிள்ளையின் சம்மதத்தையும் விதிமுறைகள் கேட்கின்றன.

முடிவெடுக்கும் இடம் குழந்தைகள் நலக் குழு. சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் சி.டபிள்யூ.சி. என்றுதான் சொல்வார்கள். ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள், அவர்களில் ஒருவராவது பெண். மாதத்தில் 20 நாளாவது கூட வேண்டும். மாஜிஸ்திரேட்டுக்கு உள்ள அதிகாரம் இந்தக் குழுவுக்கு உண்டு. ஆனால் நீதிமன்றம் மாதிரி இருக்கக் கூடாது என்று விதிகள் வலியுறுத்துகின்றன. உறுப்பினர்கள் மேடை போட்டு உயரத்தில் உட்காரக் கூடாது, பிள்ளைக்கும் அவர்களுக்கும் நடுவே கூண்டோ கம்பியோ இருக்கக் கூடாது. நல்ல விதிதான். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்து ஃபைல் புரட்டினால், தரை சமமாக இருந்தும் பிள்ளைக்கு அது மேடைதான்.

ஒரு பிள்ளையை வைத்துப் பார்ப்போம். கற்பனைப் பிள்ளைதான், ஆனால் வேலூர்க்காரர்களுக்குப் பழக்கமான ஜாடை. பன்னிரண்டு வயதுப் பையன், குடியாத்தம் பக்கம். அப்பா இல்லை. அம்மா பீடி சுற்றுகிறாள், இரண்டாவதாக ஒருவரோடு வாழ்கிறாள். பையன் இரவில் காட்பாடி ஜங்ஷனில் மூன்றாவது பிளாட்பாரத்து பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கிறான். ரயில்வே போலீஸ் பார்க்கிறது, குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குத் தகவல் போகிறது. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் அவனைக் குழுவின் முன் நிறுத்தியாக வேண்டும். நிறுத்துகிறார்கள். பையன் சரியாகத் தூங்கியிருக்க மாட்டான். காலையில் யாரோ வாங்கித் தந்த இட்லியில் பாதியை மீதி வைத்திருப்பான். அங்கே கேட்கப்படும் கேள்வி, பெரும்பாலும் பாசமாகவே கேட்கப்படும்:

"இன்னா கண்ணு, வூட்டுக்குப் போறியா, இங்கயே இருக்கியா?"

"ஆயா வூட்டுக்கு," என்கிறான்.

ஆயா, அதாவது பாட்டி, திருத்தணியில் தூரத்து உறவு வீட்டில் ஒண்டியிருக்கிறாள், வயது எழுபது தாண்டிவிட்டது. அது சரிப்பட்டு வராது என்று எல்லோருக்கும் தெரியும். "ஆயாவால உன்னப் பாத்துக்க முடியாதுப்பா. வூடா, ஹோமா, சொல்லு." பையன் தரையைப் பார்க்கிறான். கொஞ்சம் கழித்துத் தலையை ஆட்டுகிறான். எதற்கு ஆட்டினான் என்பது அவனுக்கே தெரியாது. ஃபைலில் ஒரு வரி ஏறுகிறது: குழந்தை பெற்றோருடன் செல்ல விரும்புகிறது. அல்லது, குழந்தை இல்லத்தில் தங்கிப் படிக்க விரும்புகிறது. இரண்டில் எது எழுதப்பட்டாலும் சட்டத்தின் கட்டம் நிரம்பிவிடும்.

அந்தக் கேள்வியில்தான் கோளாறு. கேட்டவரின் மனதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அது கேள்வி மாதிரி தெரிந்தாலும், உண்மையில் இரண்டு கதவைக் காட்டி ஒன்றைத் திற என்று சொல்வது. எதைத் திறந்தாலும் பழி பையன் தலையில். அம்மாவிடம் போகிறேன் என்றால், நாளைக்கு அடி விழும்போது "நீதானே வரேன்னு சொன்ன." ஹோமில் இருக்கிறேன் என்றால், அம்மாவை வேண்டாம் என்று சொல்லிவிட்ட பாவம். பெரியவர்களே தள்ளிப்போட்டு, சொந்தபந்தங்களைக் கூட்டி, மூன்று நாள் பேசி முடிக்கிற விஷயத்தை, தூக்கம் கெட்ட ஒரு பிள்ளையிடம் ஒரு நிமிடத்தில் கேட்கிறோம். பிள்ளையின் பேச்சைக் கேட்பதாக நாம் நினைத்துக்கொண்டிருப்பது, பல நேரம் முடிவின் சுமையை அதன் மேல் ஏற்றுவதுதான்.

அவனுடைய விருப்பத்தைக் கேட்பதற்கு முன்னால் அவனுடைய நாளைக் கேட்க வேண்டும் என்பேன். காலையில் உன்னை எழுப்புவது யார்? காய்ச்சல் வந்தால் யாரிடம் சொல்வாய்? ராத்திரி எங்கே படுப்பாய், பக்கத்தில் யார்? சாமானை எங்கே வைத்திருப்பாய்? இப்படிக் கேட்டால் "ஆயா வூடு" என்பதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியவரும். நம் கதைப் பையனுக்கு ஒரு தங்கை இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வயது. அவளை ஆயா திருத்தணிக்குக் கூட்டிப் போய்விட்டாள். அவன் ரயிலேறப் பார்த்ததே அவளைப் பார்க்கத்தான். அவன் கேட்பது வீடும் இல்லை, ஹோமும் இல்லை, தங்கை. இது தெரிந்தால் குழுவுக்கு வழிகள் கூடுகின்றன. தங்கையையும் அழைத்து இரண்டு பேருக்கும் ஒரே இடம் பார்க்கலாம். ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை இருக்கிறது. உறவுக்காரர் யாராவது பொறுப்பேற்க வந்தால் அதைக் கொண்டு ஒரு ஏற்பாடு செய்ய முடியுமா என்று பார்க்கலாம். எதுவும் முடியாவிட்டால், குறைந்தது மாதம் ஒருமுறை தங்கையைப் பார்க்க வைக்கலாம். இத்தனை வழியும் ஒரு நல்ல கேள்வியில்தான் திறக்கின்றன.

பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும் விவரம் நம்மை அசத்தும். 1990களில் வட ஆர்க்காட்டுப் பீடித் தொழிலில், பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பிள்ளைகள் அடமானமாக வேலை செய்தது மனித உரிமை அறிக்கைகளில் பதிவாகியிருக்கிறது. அடமானமாக உட்கார்ந்த பிள்ளைக்குத்தான் அன்றைய எண்ணிக்கை, கழிவு, மிச்சக் கடன் எல்லாம் விரல் நுனியில் இருக்கும், அதை அடைப்பதே அதன் விரல்தானே. செங்கல் சூளையிலிருந்து மீட்கப்படும் குடும்பங்களிலும், ராத்திரி யார் வந்து மிரட்டினார்கள் என்பதைப் பெரியவர்கள் மறைத்தாலும் பிள்ளை சொல்லிவிடும். பயந்தால் அதுவும் மறைக்கும். அதனால்தான் தனியாக, அம்மா அப்பாவும் ஹோம் ஊழியரும் அழைத்துவந்த போலீஸும் பக்கத்தில் இல்லாமல், ஒருமுறைக்கு இரண்டுமுறை பேச வேண்டும் என்பது.

வேலூரில் இன்னொரு சிக்கல், மொழி. சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜ் போர்டு வங்காளத்தில் இருக்கும், மெடிக்கல் ஷாப்காரர் இந்தியில் பேரம் பேசுவார். வங்காளம், ஜார்க்கண்ட், அசாம் என்று எங்கிருந்தெல்லாமோ சிகிச்சைக்கு வருகிறார்கள். கூட வரும் பிள்ளைகளும் உண்டு. காட்பாடி வழியாகத்தான் சென்னை, பெங்களூர், திருப்பதி ரயில்கள் எல்லாம். எல்லை தாண்டினால் சித்தூர், தெலுங்கு. பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் பல வீடுகளில் பேச்சு உருது. பிள்ளைக்குத் தெரிந்த மொழியில் பேச வேண்டும், வேண்டுமானால் மொழிபெயர்ப்பாளரை வைக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. "அவனுக்குக் கொஞ்சம் தமிழ் வரும் சார்" என்று சமாளிப்பதுதான் சுலபம். கொஞ்சம் தமிழில் சாப்பாடு கேட்கலாம். சித்தப்பா என்ன செய்தார் என்று சொல்ல அது போதாது.

அப்புறம் நேரக் கணக்கு. பிள்ளையின் வீட்டுச் சூழலை விசாரித்து எழுதும் சமூக விசாரணை அறிக்கை 15 நாளில் வர வேண்டும், இறுதி உத்தரவு முதல் நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள். அலுவலகக் காலண்டரில் நான்கு மாதம் ஒன்றுமில்லை. பன்னிரண்டு வயதுக்கு அது காலாண்டு லீவில் உள்ளே வந்து, அரையாண்டுப் பரீட்சையும் பொங்கலும் தாண்டிவிடும் காலம். அந்த நான்கு மாதமும் அவன் மனதில் ஓடுவது ஒன்றுதான்: என் விஷயம் என்ன ஆச்சு? அதை யாரும் சொல்வதில்லை. கேட்டதோடு வேலை முடிந்துவிட்டதாக நினைத்துவிடுகிறோம். என் கணக்கில் பாதி வேலை அதற்கப்புறம்தான் இருக்கிறது. என்ன முடிவாயிற்று, ஏன், நீ சொன்னதில் எதை ஏற்றோம், எதை ஏற்கவில்லை, மறுபடி எப்போது பார்ப்போம். இந்த நாலு வாக்கியத்தையும் பிள்ளையின் கண்ணைப் பார்த்துச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் கிடைக்காத பிள்ளை அடுத்தமுறை யார் கேட்டாலும் தலையைத்தான் ஆட்டும்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு வரும். பிள்ளை சொன்னபடியே செய்துவிட முடியுமா? அடித்த ஆளிடமே திரும்பப் போகிறேன் என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. கார் சவாரியிலேயே சொல்லிக்கொடுத்துக் கூட்டிவருவதும் உண்டு. பெரியவர் மாதிரி வாக்கியம் வாக்கியமாகப் பேசும் ஏழு வயதுப் பிள்ளையைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். சட்டமும் பிள்ளையின் விருப்பத்தை உத்தரவாக எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை, எடைபோடத்தான் சொல்கிறது. எடைபோட வேண்டுமானால் முதலில் தட்டில் வைத்தாக வேண்டும். விருப்பத்துக்கு எதிராக முடிவெடுக்க வேண்டிய இடங்களில் எடுக்கத்தான் வேண்டும். எடுத்துவிட்டு, ஏன் என்று அதனிடமே சொல்ல வேண்டும். "உன் நல்லதுக்குத்தான்" என்பது காரணம் ஆகாது. நம் எல்லோரிடமும் அதைச் சொல்லியிருக்கிறார்கள், நாம் யாரும் நம்பியதில்லை.

கேட்காததால் உதவியே தண்டனையாக மாறுவதைக் குழந்தைத் திருமண வழக்குகளில்தான் தெளிவாகப் பார்க்கலாம். அணைக்கட்டு என்ற ஊருக்கு மேலே பீஞ்சமந்தை, ஜவ்வாது மலை போன்ற இடங்களை நினைத்துக்கொள்ளுங்கள். பதினாறு வயதுப் பெண், பத்தாவது முடித்தவள். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அவளே துணிந்து யாரிடமோ சொல்கிறாள், அல்லது அவள் தோழி 1098க்குப் போன் போடுகிறாள். அதிகாரிகள் வந்து நிறுத்துகிறார்கள். திருமண ஆபத்தில் இருக்கும் பிள்ளை பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளை என்று சட்டம் சொல்வதால் குழுவின் முன் வருகிறாள். பாதுகாப்புக்காக ஹோம். மலையிலிருந்து இறங்கியே பழக்கமில்லாதவள் பூட்டிய கேட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறாள். கல்யாணம் பேசியவர்கள் ஊரில் இருக்கிறார்கள். ஊரில் என்ன பேசிக்கொள்வார்கள்? "பாத்தியா, போன் போட்டா இப்படித்தான் அடைச்சுடுவாங்க." அடுத்த பெண் போன் போட மாட்டாள்.

அவளைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? அநேகமாக, பதினொன்றாம் வகுப்பில் சேர வேண்டும் என்று. மலைக்கு மேல் மேல்நிலைப் பள்ளி எட்டாத தூரத்தில் இருப்பதால்தான் படிப்பு நின்று கல்யாணப் பேச்சே வந்திருக்கும். ஹாஸ்டலோடு ஒரு பள்ளி இடம் பார்த்துத் தந்து, அப்பாவிடம் எழுதி வாங்கி, மாதம் ஒருமுறை யாராவது போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஹோம் தேவையே இருந்திருக்காது. சில இடத்தில் நிஜமாகவே தேவைப்படும், வீட்டில் மிரட்டல் இருந்தால். எது எப்போது என்பதை அவளைத் தவிர வேறு யாரும் சரியாகச் சொல்ல முடியாது.

ஹோமுக்குள் போன பிறகும் பேச இடம் உண்டு, காகிதத்தில். 6 முதல் 10, 11 முதல் 15, 16 முதல் 18 என்று வயதுவாரியாகப் பிள்ளைகள் மட்டுமே உள்ள குழுக்கள் இருக்க வேண்டும். ஆலோசனைப் பெட்டி ஒன்று பிள்ளைகளுக்கு எட்டும் இடத்தில், அலுவலக அறையை விட்டுத் தள்ளி மாட்டியிருக்க வேண்டும். சாவி ஹோம் ஆட்களிடம் இருக்கக் கூடாது, நிர்வாகக் குழுத் தலைவரிடம் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை பிள்ளைகள் முன்னிலையில் திறக்க வேண்டும். விதி எழுதியவருக்கு ஹோம் தெரிந்திருக்கிறது, இல்லாவிட்டால் சாவியைப் பற்றி இவ்வளவு யோசித்திருக்க மாட்டார். ஒரு ஹோமுக்குப் பார்வையாளராகப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பெட்டியைத்தான். சூப்பரின்டெண்டன்ட் அறை வாசலில் தொங்குகிறதா? பூட்டில் துரு இருக்கிறதா? உள்ளே "சாம்பாரில் உப்பு இல்லை" என்று ஒரு சீட்டு கிடந்தால் சந்தோஷப்படுங்கள். உப்பைப் பற்றி எழுதத் துணிந்த பிள்ளைதான் ஒருநாள் அடியைப் பற்றியும் எழுதும். பெட்டி எப்போதும் காலி என்றால் அங்கே குறையே இல்லை என்று எந்தப் புத்திசாலியும் நம்ப மாட்டார்.

சட்டத்தோடு முரண்பட்ட சிறுவர்கள், அதாவது குற்றம் செய்ததாகப் பிடிபட்டவர்கள் விஷயம் இன்னும் மோசம். காகிதப்பட்டறை என்றால் வேலூரில் எல்லோருக்கும் தெரியும், அப்படிப்பட்டவர்களை வைத்திருக்கும் அரசு பாதுகாப்பு இடம் அங்கேதான். அங்கிருந்து பையன்கள் தப்பினார்கள் என்றால்தான் செய்தி வருகிறது. சுவர் உயரம், காவலர் எண்ணிக்கை எல்லாம் விவாதமாகும். உள்ளே இருந்தவர்கள் என்ன சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பது விவாதத்தில் வராது.

ஊரளவில் பார்த்தால், கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுவில் ஊராட்சித் தலைவர், அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியர் எல்லோருடனும் இரண்டு பிள்ளைகளும் உறுப்பினர்கள். பெரும்பாலும் அந்த இரண்டு இடமும் வகுப்பில் முதல் பெஞ்சுப் பிள்ளைகளுக்குத்தான் போகும். நன்றாகப் பேசுவார்கள், போட்டோவில் நேராக நிற்பார்கள். பள்ளியை விட்டு நின்று பட்டறைக்குப் போகும் பையனுக்கு அந்த நாற்காலி கிடைப்பதில்லை. குழு அமைக்கப்பட்டதே அவனுக்காக. அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' பெட்டி இருக்கிறது. அதுவும் பள்ளிக்குள் இருப்பவர்களுக்கு.

யாரும் அதிகம் பயன்படுத்தாத ஒரு கூட்டம் உண்டு, ஹோமில் வளர்ந்து வெளியே வந்தவர்கள். 18 முடிந்ததும் வெளியே வர வேண்டும். வெளியே வந்தவர்கள் காலூன்ற, 21 வயது வரை பிற்காப்பு உதவிக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியிலோ, பெங்களூரில் டெலிவரி வேலையிலோ இருப்பார்கள். ஆதாரில் எந்த முகவரி போடுவது, ரேஷன் கார்டில் யார் பெயரோடு சேருவது, கல்யாணத்துக்குப் பெண் கேட்க யார் போவது என்பதெல்லாம் அவர்கள் பட்ட பாடு. பதினேழு வயதுப் பையனின் எதிர்காலத் திட்டம் எழுதும்போது அப்படி ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்தால், எந்த அதிகாரிக்கும் தோன்றாத கேள்வி ஒன்று அவர் வாயிலிருந்து வரும்.

கடைசியாக, அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு கதவு. குழந்தைகள் நலக் குழுவின் செயல்பாட்டில் குறை இருந்தால் கேட்க வேண்டியவர் மாவட்ட ஆட்சியர். பாதிக்கப்பட்ட பிள்ளையோ, பிள்ளையோடு தொடர்புடைய யாராவதோ அவரிடம் புகார் கொடுக்கலாம் என்று சட்டத்தின் 27ஆவது பிரிவு சொல்கிறது. அவர் இரு தரப்பையும் கேட்டு உத்தரவு போட வேண்டும். சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீஸ், திங்கட்கிழமை குறைதீர்வு நாள். பட்டா கேட்டும் முதியோர் பென்ஷன் கேட்டும் வரிசை நிற்கும். அந்த வரிசையில் பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி வந்து நின்றால், யாரோடு வந்தாய் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். மனுவில் 'அனுப்புநர்' என்ற இடத்தில் அவள் தன் பெயரையே எழுதலாம்.